குண்டின் எடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற பொறியாளன். கொலராடோ மாநிலத்தில் குடியிருக்கும் என் மகன், அங்கே முறைப்படி உரிமம் எடுத்து எல்க் மான் வேட்டைக்குப் போவதற்காக .300 வின்செஸ்டர் மேக்னம் (வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து அடைத்த தோட்டாவைச் சுடும் வகை) ரைபிள் ஒன்றை வாங்கியிருக்கிறான். மலையேற வசதியாக இருக்கட்டும் என்று இலேசான வகையாகப் பார்த்து எடுத்ததால், ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்தே 3.2 கிலோதான் வருகிறதாம். இலேசான துப்பாக்கிக்கு 150 கிரெய்ன் குண்டுதான் ஏற்றது, அதற்கு மேல் போனால் தோள் தாங்காது என்கிறார் ஒருவர். எல்க்குக்கு 200 கிரெய்னுக்குக் கீழே எடுக்கவே கூடாது என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?
(வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்)

பதில்: ஒருவர் தோளை நினைத்துச் சொல்கிறார், மற்றவர் விலங்கை நினைத்துச் சொல்கிறார். குண்டின் எடையை விலங்கையும் சுடும் தூரத்தையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். தோளுக்கான மருந்து குண்டில் இல்லை என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். நீங்கள் பொறியாளர் என்பதால் எண்களைத் தயங்காமல் தருகிறேன்.

கிரெய்ன் என்பது பழைய ஆங்கிலேய நிறுத்தல் அளவு. 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நம் கணக்கில் 150 கிரெய்ன் என்பது 9.7 கிராம், 180 கிரெய்ன் என்பது 11.7 கிராம். குண்டும் வெடிமருந்தும் பித்தளைக் கூட்டில் சேர்ந்ததுதான் தோட்டா. தொழிற்சாலையில் அடைத்து வரும் .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாக்களில் 150 கிரெய்ன் குண்டு வினாடிக்குச் சுமார் 1,000 மீட்டர் வேகத்திலும், 180 கிரெய்ன் குண்டு சுமார் 900 மீட்டர் வேகத்திலும் குழலை விட்டுக் கிளம்புகின்றன. எடையைக் கிலோவில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் கிடைக்கும் உந்தம் முதலாவதற்கு ஏறத்தாழ 9.7, இரண்டாவதற்கு 10.5. இவற்றோடு, எரிந்த வெடிமருந்தின் வாயு குழல் வாயிலிருந்து சீறிக்கொண்டு வெளியேறும்போது கொடுக்கும் தள்ளலையும் சேர்க்க வேண்டும். மேக்னம் தோட்டாவில் மருந்து மட்டுமே நாலரை கிராமுக்கு மேல் இருப்பதால், அந்தத் தள்ளல் ஐந்தரைக்குக் குறையாது. மொத்தத்தில் 180 கிரெய்ன் குண்டுக்கு உந்தம் 16 என்றால், 150 கிரெய்ன் குண்டுக்குப் பதினைந்தரை. அதாவது குண்டின் எடையில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்தும், சுட்டதும் துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதையின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. இலேசான குண்டை வேகமாகத் தள்ள அதிக மருந்து போடுகிறார்கள். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

அதே 16 உந்தத்தைத் துப்பாக்கியின் பக்கமிருந்து பாருங்கள். 3.2 கிலோ துப்பாக்கி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பின்னால் வந்து தோளில் 40 ஜூல் ஆற்றலோடு மோதும். துப்பாக்கி 4 கிலோவாக இருந்தால் வேகம் 4 மீட்டராகவும் ஆற்றல் 32 ஜூலாகவும் இறங்கிவிடும். குண்டின் எடையைக் குறைத்துப் பெறுவதைப் போல மூன்று மடங்கு ஆறுதல், துப்பாக்கியில் 800 கிராமைக் கூட்டியதாலேயே கிடைக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்: அதே 3.2 கிலோ துப்பாக்கி, மேக்னம் அல்லாத .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமைந்திருந்தால், 150 கிரெய்ன் குண்டுக்கு உதை 22 அல்லது 23 ஜூல்தான் இருக்கும். உங்கள் மகன் இலேசையும் மேக்னத்தையும் ஒரே துப்பாக்கியில் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்து விலை கொடுப்பது அவருடைய தோள்.

அந்த விலையைக் குறைக்கும் வழிகள் துப்பாக்கியிலேயே உண்டு. தோளில் படும் கட்டையின் அடியில் நல்ல மென்மையான ரப்பர் திண்டு இருக்கிறதா என்றும், கட்டையின் நீளம் அவர் கைக்குப் பொருந்துகிறதா என்றும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நீளம் குறைவாக இருந்தால் கண் ஸ்கோப்புக்கு அருகில் போய்விடும். சுட்டவுடன் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தின் மேல் பிறை வடிவத்தில் ஒரு வெட்டுப் போடும். இலேசான மேக்னம் வைத்திருப்பவர்களை அந்தத் தழும்பை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். ஸ்கோப் வாங்கும்போது கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் 9 அல்லது 10 சென்டிமீட்டர் விட்டுப் பார்க்க முடிகிற வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குழல் வாயில் மசில் பிரேக் பொருத்தினால் உதை மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேலே குறையும். ஆனால் அது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி விடுவதால் சுடுபவருக்கும் அருகில் நிற்பவருக்கும் சத்தம் தாங்க முடியாதபடி கூடும். காது அடைப்பான் இல்லாமல் ஒரு தடவைகூடச் சுடக்கூடாது.

இப்போது விலங்குக்கு வருவோம். நன்கு வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். நம் ஊர்ப் புள்ளிமானைப் போல நான்கு மடங்கு. அதன் முன்னங்கால் சப்பை எலும்பும் அதைச் சுற்றிய சதையும் கனமானவை. குண்டு அவற்றைக் கடந்து நெஞ்சுக்கூட்டுக்குள் போய் நுரையீரலைச் சேதப்படுத்தினால்தான் விலங்கு சீக்கிரம் விழும். மெல்லிய செப்புறை போட்ட 150 கிரெய்ன் குண்டு, ஐம்பது அறுபது மீட்டர் தூரத்தில் முழு வேகத்தோடு எலும்பில் பட்டால், உள்ளே போவதற்கு முன்பே சிதறிவிடக்கூடும். மேல் காயத்தோடு ஓடிப்போகும் விலங்கு காட்டுக்குள் நாள்கணக்கில் வதைபடும். மேக்னம் வந்த நாளிலிருந்தே இருக்கும் சிக்கல் இது. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னத்தோடு வேட்டைக்குப் போன அமெரிக்கர் ஜான் நாஸ்லர், சேறு அப்பிய மூஸ் மானின் தோலில் குண்டுகள் உருக்குலைந்து உள்ளே இறங்காமல் நின்றதைக் கண்டார். திரும்பி வந்து, குண்டின் நடுவில் செம்பாலேயே ஒரு தடுப்புச் சுவர் வைத்து, முன்னறையில் ஒரு ஈயக்கரு, பின்னறையில் ஒரு ஈயக்கரு என்று அமைத்தார். அந்த வகைக் குண்டை நீளவாட்டில் பிளந்து பார்த்தால் ஆங்கில எச் எழுத்து தெரியும். பட்டவுடன் முன்னறை காளானாக விரிந்து, அதன் ஈயத்தில் பெரும்பகுதி உதிர்ந்தும் போகும். தடுப்புச் சுவருக்குப் பின்னே இருக்கும் பாதி அப்படியே உள்ளே இறங்கும். பார்ட்டிஷன் என்ற பெயரில் அது இன்றைக்கும் விற்கிறது. அதற்குப் பிறகு, உறையையும் ஈயத்தையும் பிரியாதபடி ஒட்டவைத்த பாண்டட் குண்டுகளும் வந்துவிட்டன. ஆகவே எடையைக் கேட்கிற அதே மூச்சில் குண்டின் கட்டமைப்பையும் கேட்க வேண்டும். உறுதியான 165, மெலிந்த 180-ஐவிட மேல்.

200 கிரெய்ன், 220 கிரெய்ன் பக்கம் ஏன் போக வேண்டாம் என்கிறேன்? கெட்டியான 200 கிரெய்ன் குண்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானூறு மீட்டருக்கு அப்பால், காற்றடிக்கும் வெளியில், அதன் நீண்ட உடல் காற்றை நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும். அந்தத் தூரத்தில் எல்க்கைச் சுடும் பயிற்சி பெரும்பாலோருக்குக் கிடையாது என்பதும், 3.2 கிலோ துப்பாக்கியில் அந்தப் பயிற்சியை எடுக்கத் தேவையான அத்தனை தோட்டாக்களையும் சுடத் தோள் இடம் கொடுக்காது என்பதும்தான் என் தயக்கம். முந்நூறு மீட்டருக்குள் 180 செய்யாத எதையும் 200 செய்துவிடப் போவதில்லை.

எனவே பாண்டட் அல்லது பார்ட்டிஷன் வகையில் 180 கிரெய்ன் வாங்கச் சொல்லுங்கள். கையோடு அதே எடையில் இரண்டு மூன்று தயாரிப்புகளிலிருந்து ஒவ்வொரு பெட்டி எடுத்து, எது அந்தக் குழலுக்குப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தத் துப்பாக்கிகளின் குழல் மெல்லியது. மூன்று முறை தொடர்ந்து சுட்டாலே சூடேறி, நான்காவது குண்டு வேறிடத்தில் படத் தொடங்கும். அதைக் கண்டு தோட்டா சரியில்லை என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். மூன்று சுட்டபின் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்) திறந்து வைத்து, குழலைக் கையால் தொட்டால் குளிர்ச்சி தெரியும்வரை காத்திருந்து, அடுத்த மூன்றைச் சுட வேண்டும். வேட்டையில் கணக்குக்கு வருவது குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு. அது எங்கே படுகிறது என்பதை வெவ்வேறு நாட்களில் சுட்டுக் குறித்து வைப்பது, ஒரே நாளில் இருபது தோட்டாவைத் தீர்ப்பதைவிடப் பயன் தரும்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகம் பொதுவாக 24 அங்குலக் குழலில் அளந்தது. எடையைக் குறைப்பதற்காக 22 அங்குலத்தில் வெட்டிய குழலாக இருந்தால், அங்குலத்துக்கு வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். எல்க் நடமாடும் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு என்பதால், தாழ்வான ஊரில் ஸ்கோப்பைச் சரிசெய்து கொண்டு போகிறவர்கள் அங்கே போனதும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 1,200 மீட்டருக்கே பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்துவிடுகிறது.

கொலராடோ சட்டமும் குண்டின் எடையைப் பேசுகிறது. எல்க்குக்கும் மூஸுக்கும் குறைந்தது 85 கிரெய்ன், மற்ற மான்களுக்கும் கரடிக்கும் குறைந்தது 70 கிரெய்ன், விரியும் வகைக் குண்டாக இருக்க வேண்டும், நூறு கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு (சுமார் 1,356 ஜூல்) ஆற்றல் மிச்சம் இருக்க வேண்டும் என்பவை விதிகள். மேக்னத்துக்கு இவை ஒரு பொருட்டே இல்லை. 1949 ஜனவரி 1-ஆம் தேதி அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதியைத்தான் உங்கள் மகன் கவனிக்க வேண்டும்.

கேள்வி: .300 வின்செஸ்டர் மேக்னத்தில் குண்டோடு போகும் ஆற்றலைக் கணக்கிட்டால் 150 கிரெய்ன் குண்டுக்குத்தான் அதிகம் வருகிறது. வேகத்தின் வர்க்கம் அல்லவா சூத்திரத்தில் இருக்கிறது? அப்படியிருக்க எல்லோரும் கனமான குண்டையே ஏன் சிபாரிசு செய்கிறார்கள்?
(கல்லூரி மாணவர், ஓமலூர்)

பதில்: உங்கள் கணக்கில் பிழையில்லை. குழல் வாயில் 150 கிரெய்ன் குண்டுக்கு ஏறத்தாழ 4,900 ஜூல், 180 கிரெய்ன் குண்டுக்கு 4,750 ஜூல். ஆனால் விலங்கு குழல் வாயில் நிற்பதில்லை. சாதாரண ஈயமூக்குக் குண்டுகளில், 1,000 மீட்டர் வேகத்தில் கிளம்பிய 150-உம், 900 மீட்டர் வேகத்தில் கிளம்பிய 180-உம் முந்நூறு கெஜத்தை, அதாவது 274 மீட்டரைத் தொடும்போது இரண்டும் ஒரே வேகத்தில், வினாடிக்கு 714 மீட்டர் அளவில் போய்க்கொண்டிருக்கும். முன்னே ஓடியது தன் அவசரத்தையெல்லாம் காற்றிடம் கொடுத்துவிட்டது. அங்கே 150-இன் கையில் இருப்பது 2,480 ஜூல், 180-இடம் 2,970.

காரணம் எளிது. இரண்டு குண்டுகளுக்கும் விட்டம் ஒன்றே, .308 அங்குலம். காற்று தடுக்கும் பரப்பு ஒன்றாக இருக்க, எடை கூடியதைத் தடுத்து நிறுத்துவது கடினம். குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணைக் குறுக்குவெட்டு அடர்த்தி என்பார்கள். 150-க்கு அது 0.226, 165-க்கு 0.248, 180-க்கு 0.271, 200-க்கு 0.301. காற்றுக்குள் போவதற்குச் சொன்ன அதே நியாயம் சதைக்குள் போவதற்கும் பொருந்தும், குண்டு உருக்குலையாமல் இருக்கும்வரை.

தாழ்ந்து விழும் அளவில் 150-க்குச் சற்று இலாபம் உண்டு. இரண்டையும் 200 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்தால், 300 கெஜத்தில் இடையே ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோதான் வித்தியாசம். எல்க்கின் நெஞ்சுப் பரப்பில் அது ஒன்றுமே இல்லை. பக்கவாட்டுக் காற்றில் ஒதுங்குவதோ 150-க்குத்தான் அதிகம். அந்த ஒதுக்கத்தைக் கண்ணால் மதிப்பிடுவது விழும் அளவை மதிப்பிடுவதைவிடக் கடினம், ஏனென்றால் தூரத்தை அளக்கக் கையில் கருவி இருக்கிறது, நடுவழியில் அடிக்கும் காற்றை அளக்க இல்லை.

கேள்வி: என் தம்பி கலிபோர்னியாவில் இருக்கிறார். அங்கே ஈயக்குண்டே விற்பதில்லை, முழுச் செம்புக் குண்டுதான் என்கிறார். அவருடைய இலேசான .300 மேக்னத்துக்கு முன்பு 180 வாங்கிக்கொண்டிருந்தார். செம்பிலும் அதே எடையா?
(வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: விற்பனை அடியோடு நின்றுவிடவில்லை, வேட்டைக்கு ஈயம் கலந்த தோட்டாக்களைப் பயன்படுத்தத்தான் கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் முழுத்தடை. சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும் காண்டர் கழுகுகள் ஈய நச்சால் மடிவதுதான் அந்தச் சட்டத்துக்கு முக்கியக் காரணம்.

செம்பில் ஒரு படி இறங்கி 165 கிரெய்ன் எடுக்கலாம், எடுப்பதே நல்லது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்புக்கு 9 கிராம். ஆகவே அதே எடைச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் புரிகள் குண்டைச் சுழற்றி நிலைநிறுத்துகின்றன. எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதை எடையைவிட நீளமே அதிகம் தீர்மானிக்கிறது. .300 வின்செஸ்டர் மேக்னத்தின் வழக்கமான புரி பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் 165, 180 செம்புக் குண்டுகள் இரண்டும் நிலையாகப் போகும் என்றாலும், 180 தோட்டாவுக்குள் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கான இடத்தைக் குறைக்கிறது.

எடையைக் குறைப்பதால் நட்டமுமில்லை. சாதாரண ஈயக்குண்டு பட்ட இடத்தில் தன் எடையில் கால் பங்கோ பாதியோ உதிர்த்துவிடும். செம்புக் குண்டு மூக்கில் இதழ்களாக விரிந்து, ஏறத்தாழ முழு எடையோடும் உள்ளே போகும். விலங்குக்குள் போய்ச் சேரும் எடையைப் பார்த்தால் செம்பு 165, ஈய 180-க்கு ஒரு படி மேலேயே நிற்கும். ஒரே எச்சரிக்கை: செம்பு விரிவதற்கு வேகம் வேண்டும். வினாடிக்கு 600 மீட்டருக்குக் கீழே இறங்கிய பிறகு பட்டால், பல செம்புக் குண்டுகள் ஊசியைப் போலத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். வேகத்தைக் காப்பாற்றித் தருவதாலும் இலேசான எடையே இங்கே பொருந்துகிறது. ஈயத்துக்குச் சொல்லும் புத்திமதியைச் செம்புக்கு அப்படியே சொல்லக்கூடாது.

கேள்வி: என் மருமகன் மொன்டானாவில் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் வைத்திருக்கிறார், மிக இலேசானது. மேகசினில் (துப்பாக்கிக்குள் தோட்டாக்களை அடுக்கும் அறை) கடைசியாக மிஞ்சும் தோட்டாவின் மூக்கு சப்பையாகிக் கிடக்கிறதாம். தோட்டாவின் குறையா, துப்பாக்கியின் குறையா?
(வாசகி, சூரமங்கலம்)

பதில்: இரண்டின் குறையும் இல்லை, உதையின் வேலை. துப்பாக்கி வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் சடாரென்று பின்னால் வரும்போது, மேகசினுக்குள் கிடக்கும் தோட்டாக்கள் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன. மேகசினின் முன்சுவர் வந்து அவற்றின் மூக்கில் இடிக்கிறது. முதல் தோட்டா சுடப்படும்போது ஒரு இடி, இரண்டாவதற்கு இன்னொரு இடி என்று வாங்கி, கடைசித் தோட்டாவின் ஈயமூக்கு கட்டைவிரலால் அழுத்திய களிமண் மாதிரி ஆகிவிடும். முந்நூறு மீட்டருக்குள் அந்தச் சப்பையால் குறி தவறுமென்று பயப்பட வேண்டாம். மூக்கு நசுங்குவதைவிட, குண்டு பித்தளைக் கூட்டுக்குள் பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தோட்டாவோடு அருகருகே நிறுத்தி நீளத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். உள்ளே இறங்கியிருந்தால் அதைச் சுடக்கூடாது, அழுத்தம் அளவுக்கு மீறும்.

பிளாஸ்டிக் மூக்கு வைத்த குண்டை வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். எடையைப் பொறுத்தவரை 7 மி.மீ. மேக்னத்தில் எல்க்கைவிடச் சிறிய மான்களுக்கு 140-உம் எல்க்குக்கு 160-உம் போதும். 160-இன் குறுக்குவெட்டு அடர்த்தி 0.283, அதாவது .300-இன் 180-ஐவிடச் சற்றுக் கூடுதல், உதையோ குறைவு. இலேசான மேக்னம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு .300-ஐவிட இதையே நான் சொல்வேன்.

கேள்வி: எங்கள் எஸ்டேட் பங்களாவில் தாத்தா காலத்து .375 மேக்னம் ரைபிளும், 270 கிரெய்ன், 300 கிரெய்ன் என்று இரண்டு வகைத் தோட்டாப் பெட்டிகளும் இருக்கின்றன. எதற்கு இரண்டு? காப்பித் தோட்டத்தில் காட்டெருமையும் பன்றியும் பெருத்துவிட்டன. அந்தத் தோட்டாக்கள் இன்னும் வேலை செய்யுமா?
(வாசகர், ஒண்டிக்கடை, ஏற்காடு)

பதில்: .375 மேக்னம், இலண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் கொண்டுவந்தது. 270 கிரெய்ன் ஈயமூக்குக் குண்டு மானுக்கும் சிறுத்தைக்கும், திறந்தவெளியில் சற்றுத் தூரச் சூட்டுக்கும். 300 கிரெய்ன், அதிலும் விரியாத கெட்டி வகை, காட்டெருமைக்கும் யானைக்கும். ஆயிரம் கிலோவை நெருங்கும் காட்டெருமைக் கடுவனின் தோளைக் கடக்க அந்த எடை தேவைப்பட்டது. இரண்டு எடையையும் ஸ்கோப்பையோ குறிமுனையையோ மாற்றாமல் சுட்டாலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் படும் என்பது இந்தத் தோட்டாவுக்கு இருந்த நல்ல பெயர். தாத்தாவின் ரைபிள் நாலு கிலோவுக்குக் குறையாது என்பதை நிறுத்துப் பார்க்காமலே சொல்லலாம். அந்தக் காலத்தவர் உதைக்குக் கண்ட வைத்தியம் அதுதான்.

மற்றபடி அந்தத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்காதீர்கள். பழைய தோட்டாக்களில் கார்டைட் என்ற இழைமருந்து இருக்கக்கூடும். நம் வெப்பத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தால் அது கெடும், பித்தளைக் கூடு கழுத்தில் வெடிப்பு விடும். தாத்தாவின் பெயரில் இருந்த உரிமம் அவரோடு போய்விட்டது. உரிமமில்லாமல் துப்பாக்கியை மட்டுமல்ல, தோட்டாவை வைத்திருப்பதும் ஆயுதச் சட்டப்படி குற்றம். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு இரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

காட்டெருமையை எந்த எடைக் குண்டாலும் நீங்கள் சுட முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது. பன்றிக்குத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி திறந்திருக்கிறது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை, வனத்துறையினர் மட்டும் சுடலாம். சேர்வராயன் மலையில் எந்தத் தோட்டம் காப்புக்காட்டுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சேத இழப்பீட்டுக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுப்பதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கேள்வி: என் மகள் ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயில்கிறாள். 7 கிரெய்ன் ரவை, 8.2 கிரெய்ன் ரவை இரண்டும் கடையில் இருக்கின்றன. எதை வாங்குவது?
(வாசகர், அம்மாபேட்டை, சேலம்)

பதில்: பத்து மீட்டரில் காற்றும் இல்லை, சதையும் இல்லை, சொல்லும்படியான உதையும் இல்லை. ஆகவே மேலே சொன்ன எதுவும் உங்கள் மகளுக்குப் பொருந்தாது. ரைபிளில் பெரும்பாலோர் 8.2 கிரெய்ன், அதாவது 0.53 கிராம் ரவையையே பயன்படுத்துகிறார்கள்; 7 கிரெய்ன் பொதுவாகப் பிஸ்டலுக்குப் போகும். மூக்கு தட்டையாக இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், தாளில் வட்டமாகச் சுத்தமான துளை விழும். பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்பதால், ஒரே தயாரிப்பிலும் ஒரு தொகுதிக்கும் மற்றொரு தொகுதிக்கும் வித்தியாசம் தெரியும். துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கி, தொகுதிக்குப் பத்து ரவை சுட்டுப் பார்த்து, துளைகள் நெருங்கி விழும் தொகுதி எண்ணைப் பயிற்சியாளரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள டப்பாக்களைப் போட்டிக் காலம் முழுவதுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.